கல்லைக் கொடுத்தார்கள், படத்தைக் கொடுக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் நுண்துளை அறுவை சிகிச்சை (சின்னத் துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி) பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ரத்தம் அதிகம் போகாது, ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம், தழும்பும் பெரிதாகத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆபரேஷன் தவறிப்போனால் நோயாளி என்ன செய்ய வேண்டும், நஷ்டஈடு கேட்டு எங்கே போக வேண்டும், கையில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. எனக்கு நடந்ததால் அதை நானே எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடம் இருக்கிற அளவுக்குப் போடுங்கள். வெட்டுவதாக இருந்தால் வீடியோ பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் 90 அடி சாலைப் பக்கம் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். 2023 ஜூலையில், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிற மாதிரி வலி வர ஆரம்பித்தது. வாயு என்று நினைத்து சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர் என்று குடித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. சோனோகிராஃபி எடுத்ததில் பித்தப்பை நிறைய கல் என்று வந்தது.

"தூர்பீன் ஆபரேஷன்தான் டீச்சர், ஒண்ணும் பயப்படாதீங்க" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் தைரியம் சொன்னார்கள். மும்பையில் அதற்கு அதுதான் பெயர். இந்த ஊருக்கு அது புதிதும் இல்லை. இந்தியாவில் முதன்முதலாகப் பித்தப்பையை இப்படித் துளை வழியாக எடுத்தது இங்கே ஜே.ஜே. மருத்துவமனையில்தான். 1990-ல் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா செய்தார். அந்த நம்பிக்கையோடுதான் ஆகஸ்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

இந்த ஆபரேஷனில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் நஷ்டஈடு பற்றிப் பேச முடியாது. தொப்புள் அருகே ஒன்றும் அதற்கு மேலே மூன்றுமாக நான்கு துளை போடுவார்கள். கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டு வயிற்றைப் பலூன் மாதிரி உப்ப வைத்து, ஒரு துளை வழியாக கேமராவை விடுவார்கள். மற்றவை வழியாகக் கத்தரியும் இடுக்கியும் போகும். டாக்டர் வயிற்றுக்குள் நேராகப் பார்ப்பதில்லை, எதிரே இருக்கும் திரையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார். பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் கிளம்பி, கல்லீரலிலிருந்து குடலுக்கு இறங்குகிற பெரிய பித்தக்குழாயோடு போய்ச் சேர்கிறது. சின்னதுக்கு கிளிப் போட்டு வெட்ட வேண்டும். பெரியதைத் தொடவே கூடாது. வீக்கமும் ஒட்டலும் இருக்கும்போது திரையில் பெரியது சின்னது போலத் தோன்றிவிடும். எனக்கு அதுதான் நடந்தது.

ஒன்றரை மணி நேரம் என்று சொன்ன ஆபரேஷன் மூன்றே கால் மணி நேரம் ஆனது. என் வீட்டுக்காரர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் ஒரு பையன் வந்து மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவை அவர் கையில் கொடுத்து, "அங்கிள், இதுதான் கல். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று இந்தியில் சொன்னானாம். டப்பாவில் 23 கல். சில மிளகு அளவு, சில துவரம்பருப்பு அளவு, பழுப்பும் மஞ்சளுமாக. அந்த டப்பா இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே விட்ட வாயுவால் ஒன்றிரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள், அது சரிதான், அப்படி வலிக்கும். ஆனால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். எனக்குக் கூடியது. வயிறு உப்பியது. நான்காம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அதே மருத்துவமனைக்குப் போனோம். வயிற்றை மேலாக அழுத்திப் பார்த்து, கேஸ் என்று சொல்லி, ஒரு ஊசி போட்டு மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் எடுக்கவில்லை. சோனோகிராஃபி பார்க்கவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் என்னிடம் டியூஷன் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். கட்டில் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "டீச்சர், உங்க கண்ணு ஏன் மஞ்சக் கலரா இருக்கு?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் டியூப் லைட்டுக்கு நேராக என் முகத்தைத் திருப்பி, இமையை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு டாக்ஸி கூப்பிடப் போனார். அன்று ராத்திரியே பரேலில் உள்ள பெரிய மாநகராட்சி மருத்துவமனையில் சேர்த்தார்.

அங்கே வயிற்றில் குழாய் போட்டதும் கரும்பச்சை நிறத்தில் பித்தநீர் ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தது. எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துவிட்டு, பெரிய பித்தக்குழாய் நடுவில் துண்டாகியிருக்கிறது என்றார்கள். உள்ளே சீழும் வீக்கமும் அடங்காமல் அதைச் சரிசெய்ய முடியாதாம். பத்து வாரம் அந்தக் குழாயோடும் பையோடும் வீட்டில் இருந்தேன். பையைச் சேலைக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வாசலுக்குக்கூட வருவேன். என் வீட்டுக்காரர் தினமும் இரண்டு வேளை பையிலிருப்பதை அளவுக் கோடு போட்ட ஜாடியில் ஊற்றி அளப்பார். என் பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுவார். 'காலை 6 மணி 220. ராத்திரி 9 மணி 310. காய்ச்சல் 101.' மாவு அளந்து பழகிய கை, ஒரு நாள் விடவில்லை. நவம்பரில் வயிற்றைத் திறந்து, குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுபோய் கல்லீரலிலிருந்து வரும் குழாயோடு தைத்தார்கள். நான்கு பொட்டுத் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் தழும்பு வந்தது. தழும்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சில மாதத்துக்கு ஒருமுறை உடம்பு தூக்கிப் போடுகிற குளிர்காய்ச்சல் வருகிறது, அப்போதெல்லாம் ஓடிப்போய்ச் சேர வேண்டியிருக்கிறது. இது இனி என்னோடு இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

என்னைக் காப்பாற்றியதும் டாக்டர்கள்தான். அதனால் டாக்டர்களைத் திட்டுவதற்காக இந்தக் கடிதம் இல்லை. இரண்டாவது ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரிடம் நான் நேராகவே கேட்டேன், இது அவர்கள் தப்பா என்று. அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அம்மா, இது எவ்வளவு கை தேர்ந்தவருக்கும் நடக்கக்கூடியது. உள்ளே என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று தெரியாமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் ஐந்தாம் நாள் நீங்கள் போனபோது பார்த்திருக்க வேண்டும்."

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. சட்டமும் இதைத்தான் பிரிக்கிறது. துளை வழியாகப் பித்தப்பை எடுக்கும்போது பித்தக்குழாய் காயப்படுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கிறது என்று மருத்துவ நூல்களே சொல்கின்றன. காயம் பட்டது என்பதாலேயே அது கவனக்குறைவு ஆகிவிடாது. அந்தத் துறையில் சராசரித் திறமை உள்ள ஒரு டாக்டர் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா என்பதுதான் கேள்வி. பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டுதான், ஒரு குழாய், ஒரு ரத்தநாளம், என்று சுற்றியுள்ள கொழுப்பையும் சவ்வையும் விலக்கித் தெளிவாகப் பார்க்காமல் எதையும் வெட்டக் கூடாது என்பது 1995 முதல் உலகமெங்கும் அறுவை மருத்துவர்களுக்குச் சொல்லித் தரும் பாடம். தெளிவாகத் தெரியவில்லையா, வயிற்றைத் திறந்து செய்யலாம், பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வரலாம், அனுபவம் கூடிய இன்னொருவரைக் கூப்பிடலாம். திறந்து செய்தால் தோல்வி என்று யாரும் சொல்லப்போவதில்லை. நோயாளியான எனக்கு நான்கு துளையா ஒரு சாணா என்பது முக்கியமே இல்லை.

நான் வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பியதும் மருத்துவமனையிலிருந்து வந்த பதிலில் முக்கியமான வரி ஒன்றுதான். இது 'நோன் காம்ப்ளிகேஷன்', ஏற்கெனவே அறியப்பட்ட சிக்கல், நோயாளி சம்மதக் கையெழுத்து போட்டிருக்கிறார். சரி, அறியப்பட்ட சிக்கல் என்றால் அதைத் தேடிப் பார்க்க வேண்டிய பொறுப்பு இன்னும் கூடத்தானே செய்கிறது? காய்ச்சலோடும் உப்பிய வயிற்றோடும் ஐந்தாம் நாள் ஒருத்தி வந்து நிற்கும்போது, முதலில் நினைவுக்கு வர வேண்டியது அந்த அறியப்பட்ட சிக்கல்தானே? என் வழக்கின் பாதி பலம் அந்த ஐந்தாம் நாளில் இருக்கிறது. அன்று எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு தேதியோடு என்னிடம் இருக்கிறது. அதை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது தெய்வச் செயல்.

மீதிப் பாதி அந்த மூன்றே கால் மணி நேரத்தில் இருக்கிறது. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருட ஒழுங்குமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. கைப்பட எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். 72 மணி நேரம் 19 நாள் ஆனது, ஆனாலும் கொடுத்தார்கள். அதில் ஆபரேஷன் குறிப்பு என்று ஒரு தாள். ஒன்பது வரி. பித்தப்பை பிரிக்கப்பட்டது, கிளிப் போடப்பட்டது, வெட்டப்பட்டது, ரத்தக்கசிவு இல்லை என்று தட்டச்சு செய்திருந்தது. நான் வருடக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவள். சொந்தமாக எழுதிய விடை எது, மனப்பாடம் செய்து எழுதிய விடை எது என்று பார்த்ததும் தெரியும். ஒன்றரை மணி நேர வேலை ஏன் மூன்றே கால் மணி நேரம் ஆனது என்பதற்கு அந்த ஒன்பது வரியில் ஒரு சொல் இல்லை.

வீடியோ கேட்டேன். ரெக்கார்ட் கவுன்ட்டரில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "ரெக்கார்டிங் வைக்கிறது இல்லை ஆன்ட்டி" என்றாள். இரண்டாவது முறை கேட்டபோது, இருந்தது, மெஷினில் இடம் இல்லாமல் அழிந்துவிட்டது என்றார்கள். நான் நுகர்வோர் ஆணையத்தில் போட்ட வழக்குக்குக் கொடுத்த பதிலில், பதிவு செய்யவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று பதில். அதே மருத்துவமனையின் சமூக வலைத்தளப் பக்கத்தில் கஷ்டமான பித்தப்பை ஆபரேஷனை எப்படி வெற்றிகரமாகச் செய்தார்கள் என்று வீடியோ போட்டிருக்கிறார்கள். என் மகள் டோம்பிவ்லியிலிருந்து வந்து அதை எனக்குக் காட்டினாள். நான் முழுவதும் பார்த்தேன். அழகாக, நிதானமாகச் செய்திருந்தார்கள். என் வயிற்றிலும் இப்படித்தானே ஒரு கேமரா இருந்தது என்று அன்று முழுக்க அதே நினைப்பு.

ஆணையம் என் ஆவணங்களை ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் நிபுணர் குழுவுக்கு அனுப்பியது. அவர்கள் கருத்து பல மாதம் கழித்து வந்தது. ஐந்தாம் நாள் பரிசோதனை செய்யாதது சரியல்ல என்று எழுதியிருக்கிறார்கள். ஆபரேஷன் நடந்த விதத்தைப் பற்றி, கிடைத்திருக்கும் குறிப்பை வைத்து முடிவுக்கு வர முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது வரியை வைத்து யார்தான் என்ன சொல்ல முடியும்?

இதைத்தான் உங்கள் வாசகர்களிடமும், சட்டம் செய்கிற இடத்தில் இருப்பவர்களிடமும் கேட்கிறேன். மற்ற ஆபரேஷனில் டாக்டரின் கண்தான் சாட்சி. இதில் கேமரா சாட்சி. கேமரா இல்லாமல் இந்த ஆபரேஷனே கிடையாது. நான் மயக்கத்தில் இருந்தேன், என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே இருந்தார், உள்ளே நடந்ததைப் பார்த்தது அந்தக் கேமரா. 2002 விதிகளில் வீடியோ என்று தனியாக ஒரு சொல் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். துளை வழியாகச் செய்யும் ஒவ்வொரு ஆபரேஷனையும் முதல் துளையிலிருந்து கடைசித் தையல் வரை பதிவு செய்ய வேண்டும், டிஸ்சார்ஜ் தாளோடு அதன் நகலையும் நோயாளியிடம் கொடுக்க வேண்டும். ஒரு பென் டிரைவ் என்ன விலை? அதையும் பில்லில் சேர்க்கட்டும், கட்டிவிடுகிறோம். பதிவு இல்லை என்று சொல்லும் மருத்துவமனை, தான் கவனமாகச் செய்ததைத் தானே நிரூபிக்க வேண்டும் என்றும் விதி வர வேண்டும்.

இது டாக்டர்களுக்கு எதிரானது என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒட்டல் இவ்வளவு மோசமாக இருந்தது, நான் இத்தனை நேரம் போராடினேன், எல்லாக் கவனமும் எடுத்தேன் என்று ஒரு டாக்டர் காட்டுவதற்கும் அந்த வீடியோதான் வழி. அப்படி ஒரு படத்தை என்னிடம் காட்டியிருந்தால், ஐந்தாம் நாள் விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை நான் விட்டிருப்பேன். இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

சம்மதக் கையெழுத்து பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு, கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நான்கு இடத்தில் போட்டேன். யாரும் படித்துக் காட்டவில்லை. தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம் என்ற வரி அதில் இருந்தது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். கையெழுத்து போட்டதும் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம். டெல்லியில் 1995-ல் ஒரு பெண்ணுக்கு லேப்ராஸ்கோப் வைத்து உள்ளே பார்க்க மட்டும் சம்மதம் வாங்கினார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த அவர் தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் எடுப்பதற்கான சம்மதம் ஆகாது, சுயநினைவு திரும்பும் வரை காத்திருந்து அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்க வேண்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு 25,000 ரூபாய். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு. தீர்ப்பு பெரியது, தொகையைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் காலக்கெடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையம் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. மும்பையில் 1993-ல் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு நர்ஸுக்கு ஒன்பது வருடம் வலி விட்டு விட்டு வந்திருக்கிறது. 2002-ல் மும்பையில் மறுபடி ஆபரேஷன் செய்தபோது வயிற்றுக்குள் துணி இருந்தது. அவர் வழக்கு 2010-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. இத்தனை வருட வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இருந்தீர்கள், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டது நீதிமன்றம். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் வலியை அப்படித்தான் மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்! ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடினால் அதே மருத்துவமனைக்குத் திரும்பப் போங்கள், போனதற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பணம் இருந்தால்தான் வழக்கு போட முடியும் என்று எங்கள் பக்கம் நினைக்கிறார்கள். சிகிச்சைக்கு நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகார் கட்டணமே கிடையாது. நான் கட்டியது 1,35,000 ரூபாய், அதனால் எனக்குக் கட்டணம் இல்லை. கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். இப்போது இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனாலும் மருத்துவ வழக்குக்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் அனுபவம். இன்சூரன்ஸ் பணம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகவே பார்க்கும் மருத்துவமனை மட்டும் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அது ஏழைகளுக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

போலீசில் கொடுங்கள் என்று எனக்கும் பலர் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டரைக் குற்றவாளி ஆக்குவதற்கு மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எனக்கும் அந்த டாக்டரை ஜெயிலுக்கு அனுப்ப ஆசை இல்லை. பல டாக்டர்கள் இதற்காக இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது செலவான பணமும், இனி ஆகப்போகிற செலவுக்கு வழியும், என்ன நடந்தது என்ற உண்மையும்.

செலவு என்று வரும்போது இன்னொரு வேதனை. நான் பென்ஷன் வாங்குபவள், அதனால் எனக்கு வருமான இழப்பு எதுவும் இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். நான் 14 பிள்ளைகளுக்குத் தலைக்கு 500 ரூபாய் வாங்கி டியூஷன் எடுத்தேன். எட்டு மாதம் எடுக்கவில்லை. டியூஷனுக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்? என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் கடையை மூடினார். அதற்கு எந்தக் கணக்குப் புத்தகம் இருக்கிறது? கடைசியில் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒன்பது பேர் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதில் நான்கு பேர் என்னிடமே படித்தவர்கள். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பிரமாணப் பத்திரமாக நோட்டரியிடம் போய்க் கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்தோம். தாராவியில் வேலை செய்யும் முக்கால்வாசிப் பேருக்கு வருமானத்துக்குக் காகிதம் கிடையாது. டாக்ஸி செலவு, மருந்துக்கடை பில், கட்டுத்துணி வாங்கின பில், கடை மூடியிருந்த நாள், எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் வீட்டுக்காரர் பித்தநீர் அளந்து எழுதிய நோட்டு இப்போது என் வழக்கில் ஆவணமாக இருக்கிறது. ஆணையத்தின் தலைவர் அதைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, எண்களைப் பார்த்தார்.

ஐந்து மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. என் வழக்கு 2024-ல் போட்டது, தாரிக் மேல் தாரிக் (வாய்தா மேல் வாய்தா) விழுந்துகொண்டிருக்கிறது. ஆணையமும் பரேலில்தான் இருக்கிறது. முன்பு பையை இடுப்பில் கட்டிக்கொண்டு சயானில் லோக்கல் ஏறிப் போன அதே பரேல் ஸ்டேஷனுக்கு இப்போது ஃபைலோடு போகிறேன். படி ஏறும்போது தழும்பு இழுக்கும், நடுவில் ஒரு முறை நிற்பேன்.

எங்கள் பகுதியில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், மருத்துவமனையிடம் ஆவணம் கேட்டு எழுதும் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். வீடியோவும் வேண்டும் என்று அதில் கட்டாயம் ஒரு வரி சேர்ப்பேன். 90 அடி சாலையில் மாவுக் கடை டீச்சர் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். டியூஷன் ஏழு மணிக்கு முடியும், அதற்குப் பிறகு வாருங்கள். டிஸ்சார்ஜ் தாளை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை,
தாராவி, மும்பை 17